கேம்ரியா, அக்கார்டா, மஸ்டா 6-ஆ, சொனாட்டாவா: அழகையும் ஓட்டுற சுகத்தையும் மட்டும் வச்சு ஒரு பேச்சு

தம்பி கார் மாத்தப் போறான், ரெண்டு மாசமா வீட்ல இதே பேச்சுதான். அவன், அவன் பொண்டாட்டி, ரெண்டு பசங்க, பாதி நாள் அம்மாவும் கூட ஏறுவாங்க, ஆக அஞ்சு பேர் உக்கார்ற வண்டி வேணும். எஸ்யூவி வேணாம் செடான்தான்னு அவனே முடிவு பண்ணிட்டான், அதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். எந்த செடான்னு வந்தப்பதான் சண்டை ஆரம்பிச்சுது. அவன் டொயோட்டா கேம்ரிங்கறான், அவன் பொண்டாட்டி ஹூண்டாய் சொனாட்டாவைப் பாத்த நிமிஷத்துலயே மனசைக் குடுத்துட்டா, நான் பல வருஷமா மஸ்டா 6 பைத்தியம், நடுவுல ஹோண்டா அக்கார்டு அமைதியா நின்னுட்டு இருக்கு.

மைலேஜ், ரீசேல், சர்வீஸ் எல்லாம் பத்தி ஊர் உலகமே பேசியாச்சு, நான் அதுக்குள்ள போகல. தம்பி கேட்டது ரெண்டே கேள்வி: "அண்ணே, பத்து வருஷம் கழிச்சும் பாக்க நல்லா இருக்கணும், தினமும் ஓட்ட ஆசையா இருக்கணும், எதை எடுக்கலாம் சொல்லு". பேமிலி வண்டிக்கு எதுக்கு அழகு, எதுக்கு ஓட்டுற சுகம், கதவு நாலு இருக்கா டிக்கி பெருசா இருக்கா போதும்னு சொல்றவங்க நிறைய பேர். எனக்கு அதுல சுத்தமா உடன்பாடு இல்ல. வீக்கெண்டுக்கு மட்டும் வெளிய எடுக்கற ஸ்போர்ட்ஸ் காரை விட தினமும் காலைல ஸ்கூலுக்கும் ஆபீசுக்கும் போற வண்டிலதான் நம்ம வாழ்க்கைல அதிக மணி நேரம் உக்காந்திருக்கோம், அப்ப அந்த வண்டிதான் நமக்குப் பிடிச்ச மாதிரி இருக்கணும்.

அழகுலருந்து ஆரம்பிக்கறேன். மக்கள் செடான்ல டிசைனை கவனிக்க மாட்டாங்கன்னு யாராவது சொன்னா போர்டு டாரஸ் கதையச் சொல்லுவேன். எல்லாரும் பெட்டி மாதிரி கார் செஞ்சிட்டு இருந்த காலத்துல, 1986 மாடலா உருண்டு திரண்டு வழவழன்னு ஒரு பேமிலி செடானை போர்டு இறக்குனாங்க, அது பிச்சுக்கிட்டுப் போச்சு, 1992-லருந்து அமெரிக்காவுல அதிகமா வித்த கார் அதுதான். அந்த தைரியத்துல 1996 மாடல்ல இன்னும் ஒரு படி மேல போய் ஹெட்லைட், பின் கண்ணாடி, உள்ள டேஷ்போர்டுல ரேடியோ இருக்கற இடம் வரைக்கும் எல்லாத்தையும் முட்டை வடிவத்துல பண்ணுனாங்க, ஜனங்களுக்குப் பிடிக்கல, 1997-ல கேம்ரி முதலிடத்தைப் பிடிச்சிருச்சு. அந்த சறுக்கலுக்கு டிசைன் மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா பெரிய காரணம். அதே 1996-ல ஜெர்மனில போக்ஸ்வேகன் பஸ்ஸாட் அஞ்சாவது தலைமுறை வந்துச்சு, அதுல ஒரு ஆடம்பரமும் கிடையாது, ஒரே வில்லு மாதிரி கூரை, கதவுக்கும் பம்பருக்கும் நடுவுல சீரான சின்ன இடைவெளி, அவ்ளோதான், இன்னைக்கு ரோட்ல ஒண்ணு போனாலும் பழசாத் தெரியாது. ஒரே வருஷத்து ரெண்டு செடான், ஒண்ணு உடனே வயசாயிருச்சு, இன்னொண்ணுக்கு வயசே ஆகல. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு புரிஞ்சா தம்பியோட முதல் கேள்விக்கு பாதி பதில் கிடைச்சிரும்.

நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். காரை முன்னாடிலருந்து பாத்து முடிவு பண்ணாதீங்க, பக்கவாட்டுல பத்து அடி தள்ளி நின்னு பாருங்க. கிரில், லைட், குரோம் எல்லாம் மேக்கப், மூணு நாலு வருஷத்துல பேஸ்லிப்ட்னு சொல்லி அவங்களே மாத்திருவாங்க. சக்கரம் எங்க இருக்கு, பானட் எவ்ளோ நீளம், கூரை எங்க இறங்குது, கண்ணாடிக்கும் கதவுத் தகரத்துக்கும் என்ன விகிதம், இதெல்லாம் எலும்பு, அதை மாத்த முடியாது. இஞ்சின் சக்தி முன் சக்கரத்துக்குப் போயி அது வண்டிய இழுக்கற அமைப்புல இஞ்சினை குறுக்க வைப்பாங்க, அதனால முன் சக்கரம் முன்கதவை ஒட்டி வந்துரும், மூக்கு மட்டும் சக்கரத்துக்கு முன்னாடி துருத்திக்கிட்டு நிக்கும். பேமிலி செடான் எல்லாமே ஏறக்குறைய இந்த அமைப்புதான், அதனாலதான் பல வண்டி ஒரு மாதிரி முன்னாடி குனிஞ்ச மாதிரி தெரியும். பின் சக்கரம் தள்ளற ஜெர்மன் லக்சுரி வண்டிகள்ல சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவுல ஒரு கை அகலம் இடம் இருக்கும், அந்த இடைவெளிதான் நம்ம கண்ணுக்கு "ரிச்"சா தெரியுது, காரணம் தெரியாமலே தெரியுது.

மஸ்டா 6 மேல எனக்கு இருக்கற பித்துக்கு காரணம் இங்கதான். 2012-ல வந்த மூணாவது தலைமுறைல, முன்சக்கர இழுப்பு வண்டிதான், இருந்தும் முன் கண்ணாடித் தூணை பின்னாடி தள்ளி வச்சு, பானட்டை நீட்டி, வண்டியோட எடை பின் சக்கரத்து மேல உக்காந்திருக்கற மாதிரி காட்டிட்டாங்க. கோடோன்னு அந்த டிசைன் மொழிக்குப் பேரு, இக்குவோ மயேடா தலைமைல பண்ணது, பாயப் போற மிருகத்தோட உடம்பைத்தான் மாதிரியா எடுத்துக்கிட்டாங்க. அவரோட அப்பா மட்டாசபுரோ மயேடாதான் மஸ்டாவோட முதல் ஆர்எக்ஸ்-7 ஸ்போர்ட்ஸ் காரை டிசைன் பண்ணவர், அந்த வீட்ல ரெண்டு தலைமுறையா இந்த வேலை. பக்கவாட்டுல கதவு மேல வெட்டுன மாதிரி கோடு போடாம தகரத்தை வளைச்சு வெளிச்சம் ஓடற மாதிரி விட்டுருப்பாங்க, சாயங்கால வெயில்ல அந்த சிகப்பு கலர்ல ஒண்ணைப் பாருங்க, நான் சொல்றது புரியும். அந்த சிகப்பு லேயர் லேயரா அடிக்கற பெயிண்ட், ஒரு கீறல் விழுந்தா அதே நெறத்துல சேத்து அடிக்கறது ரொம்ப கஷ்டம், அதையும் தெரிஞ்சே எடுக்கணும்.

அக்கார்டுல 2017-ல வந்த பத்தாவது தலைமுறைதான் பேச வேண்டிய வண்டி. வீல்பேஸை, அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரத்தை, 2830 மில்லிமீட்டருக்கு நீட்டி, உயரத்தைக் கொறச்சு, பின்னாடி கூரையை டிக்கி வரைக்கும் சரிய விட்டாங்க. பக்கவாட்டுல சூப்பரா இருக்கும், முன்னாடி மட்டும் ரெண்டு லைட்டையும் சேத்து புருவம் மாதிரி ஒரு தடிச்ச குரோம் பட்டை, எனக்கு அது பிடிக்கவே இல்ல, கருப்பு பட்டை வர்ற ஸ்போர்ட் வேரியண்ட்ல பரவால்ல. 2023 மாடல்ல வந்த பதினொண்ணாவது தலைமுறைல அந்த புருவத்தை எடுத்துட்டாங்க, பக்கவாட்டுல ஒரே ஒரு நேர்கோடு, வேற எதுவும் இல்ல, அவ்ளோ சுத்தம். ஒரு குறை இருக்கு, வீல்பேஸ் அதே 2830-தான், மொத்த நீளம் மட்டும் ஏழு சென்டிமீட்டர் கிட்ட கூடிருச்சு, கூடுன நீளம் முழுக்க சக்கரத்துக்கு வெளிய தொங்குது, சரியா பக்கத்துல நின்னு பாத்தா பின்பக்கம் கொஞ்சம் நீண்டு போன மாதிரி இருக்கும். இருந்தாலும் இந்த நாலு வண்டில இன்னும் பத்து வருஷம் கழிச்சு அப்படியே நிக்கப் போறது இதுதான்னு எனக்குத் தோணுது, பழைய பஸ்ஸாட் கிட்ட இருந்த அதே அடக்கம் இதுகிட்ட இருக்கு.

கேம்ரி விஷயத்துல தம்பிக்கும் எனக்கும் ஒரு மணி நேரம் வாக்குவாதம். போரடிக்கிற கார் இனிமே வேணாம்னு டொயோட்டா தலைவரா இருந்த அக்கியோ டொயோடாவே வெளிப்படையா சொல்லி, 2017-ல புது பிளாட்பாரத்துல, அதாவது வண்டியோட அடிப்படை அமைப்பையே புதுசாக்கி, கேம்ரிய இறக்குனாங்க. பானட் தாழ்ந்துச்சு, சீட்டு தாழ்ந்துச்சு, உக்கார்ற நிலையே மாறிப்போச்சு, அது நெஜமான மாற்றம். ஆனா எஸ்ஈ, எக்ஸ்எஸ்ஈ வேரியண்ட்ல பின் பம்பர் ஓரத்துல காத்தே போகாத போலி ஓட்டை, முன்னாடி வாயைப் பொளந்த மாதிரி கிரில், எலும்பு நல்லா இருக்கற வண்டிக்கு எதுக்கு இவ்ளோ நகை? எல்ஈ மாதிரி சாதா வேரியண்ட்ல அதே வண்டி அமைதியா அழகா இருக்கும். 2025 மாடலா வந்த அடுத்த தலைமுறைல வீல்பேஸ் பழைய 2825-தான், பிளாட்பாரமும் அதேதான், மூஞ்சிய டொயோட்டாவோட இன்னொரு காரான பிரியஸ் மாதிரி சுத்தியல் தலை வடிவத்துக்கு மாத்தி, பக்கவாட்டை எளிமையாக்கிட்டாங்க. தம்பி இதைத்தான் கேக்கறான், அதுல தப்பு சொல்ல மாட்டேன், நல்லா இருக்கு. பக்கவாட்டுல பாத்தா மட்டும் இது கேம்ரின்னு சொல்ல ஒரு அடையாளமும் இல்லங்கறதுதான் என் வருத்தம்.

சொனாட்டா பக்கம் வந்தா ஒரு பெரிய பாடமே இருக்கு. 2009-ல வந்த சொனாட்டா அந்த நேரத்துல அத்தனை கம்பெனியையும் உலுக்கிருச்சு, பேமிலி செடானை இப்படியும் வளைக்கலாமான்னு எல்லாரும் பாத்தாங்க. 2014-ல அடுத்தது வந்தப்ப பயந்து போய் ரொம்ப அடக்கி வாசிச்சாங்க, ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. 2019-ல மறுபடி துணிஞ்சாங்க, ஹெட்லைட்லருந்து பானட் ஓரமா ஒரு குரோம் கோடு மேல ஏறிப் போகும், அணைச்சா குரோம், போட்டா அதுவே லைட்டா எரியும். 2023-ல அதையும் தூக்கிட்டு முன்னாடி முழு அகலத்துக்கும் ஒரே லைட் பட்டை வச்சுட்டாங்க. தம்பி பொண்டாட்டி விழுந்தது இந்த மூஞ்சிலதான். நான் அவகிட்ட சொன்னேன், "இது இன்னைக்கு அழகுதான்மா, ஆனா நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை முகத்தை மாத்தற வண்டி, நீ வாங்குன முகம் சீக்கிரமே பழைய முகம் ஆயிரும்". அவ திருப்பிக் கேட்டா, "நான் வாங்குற நாள்ல எனக்குப் பிடிச்சிருக்கணுமா, பத்து வருஷம் கழிச்சு மத்தவங்களுக்குப் பிடிச்சிருக்கணுமா". அந்தக் கேள்வி நியாயமானது, அதுக்கு என்கிட்ட முழுப் பதில் இல்ல. ஹூண்டாயும் கியாவும் ஒரே குழுமம்தான்னாலும் கியா கே5 பக்கவாட்டு எனக்கு சொனாட்டாவை விடப் பிடிக்கும், ஜன்னலுக்கு மேல ஓடற குரோம் கோடு பின் கண்ணாடிக்குக் கீழ சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போய்ச் சேரும், கார் முழுசும் ஒரே இழுப்புல வரைஞ்ச மாதிரி. ஜெர்மனியோட ஆடி கம்பெனில டிடி கார் டிசைன் பண்ண பீட்டர் ஷ்ரேயர் 2006-ல கியாவுக்கு வந்தப்பறம்தான் அந்த கம்பெனிக்கு முகம்னு ஒண்ணு வந்துச்சு, கே5 வரைக்கும் அந்த ஓட்டம் தெரியுது.

இந்த சரிஞ்ச கூரை பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், பேமிலி வண்டிக்கு அழகு சண்டை போடற இடமே இதுதான். கூரையை பின்னாடி சரிய விட்டா பாக்க கூப்பே மாதிரி இருக்கும், ஆனா பின் கதவுல ஏறும்போது தலை இடிக்கும், பின் கண்ணாடி படுத்துக்கிட்டு இருக்கறதால ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாடி ஒண்ணும் சரியாத் தெரியாது, டிக்கி கதவு சின்னதாப் போயி பெரிய பெட்டி உள்ள இடம் இருந்தும் நுழையாது. நாலு வண்டிலயும் இந்த வியாதி உண்டு. அக்கார்டுல கால் வைக்க இடம் ராஜபோகம், பத்தாவது தலைமுறைல பின் சீட்டு லெக்ரூம் 1026 மில்லிமீட்டர், டிக்கி 473 லிட்டர். கேம்ரில 965-ம் 428-ம், மஸ்டால 983-ம் 416-ம். அம்மாவுக்கு முட்டி வலி, அவங்களுக்கு இந்த ஆறு சென்டிமீட்டர் சாதாரண விஷயம் இல்ல. செடான்னாலே தாழ உக்காரணும், அதுல சீட்டு இன்னும் பள்ளமா இருந்தா எந்திரிக்கறது பெரும்பாடு, அதனால ஷோரூம்ல அம்மாவைக் கூட்டிட்டுப் போயி நாலு தடவை ஏறி எறங்கச் சொன்னேன். கேம்ரில குனிஞ்சு நிமிர அவங்களுக்குக் கொஞ்சம் சுலபமா இருந்துச்சு, உக்காந்தப்பறம் அக்கார்டுலதான் காலை நீட்டிக்கிட்டு நிம்மதியா இருந்தாங்க. மஸ்டால ரெண்டுமே சுமார்தான், மனசு கஷ்டமாத்தான் இருக்கு, சொல்லித்தான் ஆகணும்.

இப்ப ஓட்டற விஷயம். ஓட்ட நல்லா இருக்கறதுன்னா பிக்அப்னு நெனச்சுக்கறாங்க, குதிரைத் திறன் எத்தனைன்னு கேக்கறதோட பேச்சு முடிஞ்சிருது. பேமிலியோட போறப்ப யாரு முழு ஆக்சிலேட்டர் அழுத்தறாங்க? மணிக்கு 40, 50 கிலோமீட்டர்ல ஒரு ரவுண்டானாவை சுத்தும்போது ஸ்டியரிங்கைத் திருப்புன அளவுக்கு வண்டி திரும்புதா, பாதி வளைவுல கையைத் திருத்த வேண்டியிருக்கா, பிரேக் மிதிச்சா மொத அரை இன்ச்சுல வெட்டி இழுக்குதா இல்ல கால் சொல்றபடி கேக்குதா, பள்ளத்துல இறங்குனா ஒரே அசைவுல அடங்குதா இல்ல ரெண்டு மூணு தடவை ஆடி அடங்குதா. இதுலதான் ஓட்டற சுகம் இருக்கு. இது நல்லா இருந்தா பின்னாடி உக்கார்ற பசங்களுக்கும் வாந்தி வராது, ஏன்னா வண்டி திடீர் திடீர்னு சாயாது. ஓட்டறவனுக்கு நல்லதும் உக்கார்றவங்களுக்கு நல்லதும் எதிரும் புதிருமான விஷயம்னு நெனைக்கறது தப்பு.

இந்தக் கணக்குல மஸ்டா 6 தனி ரகம். அதுல ஜி-வெக்டரிங்னு ஒண்ணு உண்டு, 2016-லருந்து, நாம ஸ்டியரிங்கைத் திருப்ப ஆரம்பிச்ச உடனே இஞ்சின் இழுவையை நமக்குத் தெரியாத அளவுக்கு ஒரு துளி கொறைக்கும், எடை முன் டயர் மேல சாயும், டயர் நல்லா பிடிக்கும், வண்டி சொன்ன கோட்டுல போகும். ஓட்டும்போது இப்படி ஒண்ணு நடக்குதுன்னே தெரியாது, ஒரு மணி நேரம் ஓட்டி இறங்குனப்பறம் தோள்ல வலி இல்லாதப்பதான் புரியும், நெடுஞ்சாலைல நம்ம கை ஓயாம செய்யற குட்டிக் குட்டித் திருத்தம் எல்லாம் குறைஞ்சிருக்கு. ஆக்சிலேட்டர் பெடல் தரைலருந்து முளைச்சு வரும், குதிகாலை ஊணி முன்பாதத்தால அழுத்தலாம், சின்ன விஷயம், ஆனா நகர நெரிசல்ல அது குடுக்கற சுகம் பெருசு. கியர் ஆறுதான், சாதா ஆட்டோமேட்டிக்தான், ஆனா நாம நெனைக்கறப்ப சரியான கியர்ல இருக்கும். 2018 மாடல்லருந்து 2.5 லிட்டர் டர்போவும் வந்துச்சு, இழுவை 420 நியூட்டன் மீட்டர், 2000 ஆர்பிஎம்லயே முழுசா கிடைக்கும், நல்ல ஆக்டேன் பெட்ரோல் ஊத்துனா 250 குதிரை, சாதா பெட்ரோல்ல 227. குறைன்னா டயர் சத்தம் உள்ள வரும், ரோடு மோசமா இருந்தா முதுகுக்குத் தெரியும். எல்லாத்தையும் விட பெரிய குறை, அமெரிக்காவுல 2021-லயே விக்கறதை நிறுத்திட்டாங்க, அங்க எடுக்கறதா இருந்தா இனி பழைய வண்டிதான்.

அக்கார்டுக்கு ஒரு பரம்பரை உண்டு. 2012 வரைக்கும் முன்னாடி டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் வச்சிருந்தாங்க, சக்கரத்தை மேல ஒரு கை கீழ ஒரு கை பிடிச்சுக்கற, ரேஸ் கார்ல வர்ற அமைப்பு, அதனாலதான் பழைய அக்கார்டு ஓட்டுனவங்க இன்னும் அதைப் பத்தி ஏக்கமாப் பேசறாங்க. அதுக்கப்பறம் அதை விட எளிமையான மேக்பர்சன் ஸ்ட்ரட்டுக்கு மாறுனப்ப எல்லாரும் போச்சுன்னு சொன்னாங்க, நானும்தான் சொன்னேன், பத்தாவது தலைமுறைய ஓட்டிப் பாத்தப்பறம் அந்தப் பேச்சை வாபஸ் வாங்கிட்டேன். வேடிக்கை பாருங்க, அதே 2017-ல கேம்ரி எதிர்த்திசைல போச்சு, பின்னாடி இருந்த ஸ்ட்ரட்டை எடுத்துட்டு டபுள் விஷ்போன் வச்சாங்க, அதுவரைக்கும் படகு மாதிரி ஆடுன வண்டி அதுக்கப்பறம் நிமிர்ந்து போக ஆரம்பிச்சுது. பேருல என்ன சஸ்பென்ஷன்னு பாத்து முடிவு பண்ண முடியாது, ரப்பர் புஷ்ஷு, டேம்பர், டயர் எல்லாத்தையும் எப்படிச் சேத்து டியூன் பண்றாங்கங்கறதுலதான் இருக்கு.

பத்தாவது தலைமுறை அக்கார்டுல 2.0 டர்போ ஒண்ணு உண்டு, 252 குதிரை, 370 நியூட்டன் மீட்டர், பத்து கியர் ஆட்டோமேட்டிக், ஆரம்ப வருஷங்கள்ல ஆறு கியர் மேனுவலே குடுத்தாங்க, அஞ்சு பேர் தாராளமா உக்கார்ற வண்டில கிளட்ச்சு மிதிச்சு கியர் மாத்தறது ஒரு தனி சந்தோஷம். 2021 மாடல்ல மேனுவலை எடுத்துட்டாங்க, அடுத்த தலைமுறைல அந்த டர்போவையே எடுத்துட்டாங்க. சின்ன 1.5 டர்போ இஞ்சின் சிவிடியோட வரும், அதாவது படிப்படியா கியர் மாறாத ஆட்டோமேட்டிக்கோட, அழுத்துனா சத்தம் முதல்ல வரும் வேகம் அப்பறம் வரும், சிவிடி வண்டிகள்ல இதான் எரிச்சல். புது அக்கார்டுல பெட்ரோல் இஞ்சினும் மின் மோட்டாரும் சேந்த ஹைபிரிட்தான் நல்ல இஞ்சின், 204 குதிரை, மோட்டார் இழுவை 335 நியூட்டன் மீட்டர். அதுல வழக்கமான கியர்பாக்ஸே கிடையாது, ஊருக்குள்ள பெரும்பாலும் மோட்டார்தான் சக்கரத்தை ஓட்டும், இஞ்சின் கரண்ட் எடுத்துக் குடுக்கற வேலையப் பாக்கும், நெடுஞ்சாலைல ஒரே வேகத்துல போகும்போது ஒரு கிளட்ச்சு இஞ்சினை நேரா சக்கரத்தோட கோத்துவிடும். அதனால சிக்னல்ல நகர்றப்ப ஜெர்க்கு இல்ல, சட்டுனு இழுவை, சத்தமும் கம்மி. டர்போ போனதுக்கு நான் வருத்தப்பட்டவன்தான், ஆனா தினசரி ஓட்டத்துக்கு இந்த ஹைபிரிட் அதை விட இனிமையா இருக்குன்னு ஒத்துக்கறேன்.

கேம்ரி புதுசு முழுக்க ஹைபிரிட்தான், 2.5 லிட்டர், 225 குதிரை, நாலு சக்கர இழுப்பு எடுத்தா பின்னாடி ஒரு மோட்டார் கூடுதலா வந்து 232. காகிதத்துல அக்கார்டை விட சக்தி அதிகம். ஓட்டும்போது அழுத்துனா இஞ்சின் ஒரு குரல்ல முழங்கும், டொயோட்டா ஹைபிரிட்னா இஞ்சினையும் மோட்டாரையும் கோக்கற அந்த கிரக கியர் அமைப்புல இது வரத்தான் செய்யும், ஆனா முந்தி மாதிரி மோசம் இல்ல. பழைய 3.5 லிட்டர் ஆறு சிலிண்டர் வி6, 301 குதிரை, அந்த வழவழப்பு இனி கிடையாது. ஸ்டியரிங் நல்ல எடை, நேரா போகும், ஆனா டயர் என்ன பண்ணுதுன்னு கைக்கு ஒரு சேதியும் வராது. தம்பிகிட்ட கேட்டேன், "டெஸ்ட் டிரைவ்ல வளைவுல என்ன தோணுச்சுடா". "ஒண்ணும் தோணலண்ணே, நல்லா இருந்துச்சு"ன்னான். அவனுக்கு அது பாராட்டு, எனக்கு அது குறை.

சொனாட்டா சாதா 2.5, 191 குதிரை, எட்டு கியர், மென்மையா போகும், சொல்ல பெருசா எதுவும் இல்ல. 'N லைன்'ங்கற ஸ்போர்ட் வேரியண்ட்ல 2.5 டர்போ, 290 குதிரை, 422 நியூட்டன் மீட்டர், ரெண்டு கிளட்ச்சு கியர்பாக்ஸ், எல்லாமே முன் சக்கரம் ரெண்டு வழியா. அழுத்துனா சக்கரம் ஈரத் தரைல சுத்தும், ஸ்டியரிங் கைய இழுக்கும், மூணாவது தடவைக்கப்பறம் அழுத்தவே தோணாது. அவ்ளோ சக்தி வேணும்னா நாலு சக்கரத்துக்கும் போகணும். நெருக்கடியான ட்ராபிக்ல நகர்ந்து நகர்ந்து போறதுக்கு அந்த கியர்பாக்ஸ் ஏத்தது இல்லங்கறது என் அபிப்பிராயம், குழந்தைங்க பின்னாடி தூங்கிட்டு இருக்கற வண்டிக்கு அது வேணாம்.

மத்ததையும் பாத்தோம், சீக்கிரமே கழிச்சுட்டோம். நிஸான் அல்டிமால மாறும் கம்ப்ரஷன் இஞ்சின், சிலிண்டருக்குள்ள எத்தனை மடங்கு அமுக்கணும்ங்கறதை 8-லருந்து 14 வரைக்கும் தன்னாலயே மாத்திக்கும், பொறியியலா அது அதிசயம், ஆனா சிவிடியோட கட்டிப்போட்டாங்க. சுபாரு லெகசி மழைலயும் பனிலயும் தங்கம், பாக்கத்தான் மனசு வரல. 2012-ல ஆஸ்டன் மார்ட்டின் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி கிரிலோட வந்த போர்டு பியூஷன், ஐரோப்பால மொண்டியோ, ரெண்டுமே நின்னு போச்சு, நல்லா ஓடுன வண்டி. ஒவ்வொண்ணா போயிட்டே இருக்குங்கறதுதான் மனசைப் பிசையுது.

சரி, எதை எடுக்கறது. பசங்க ரெண்டு பேர் மட்டும் பின்னாடி உக்காரப்போற வீடுன்னா, நல்லா பராமரிச்ச மஸ்டா 6 கிடைக்குதான்னு தேடுங்க, 2018-க்கப்பறம் வந்தது, உள்பக்கமும் அப்பதான் நல்லா மாத்துனாங்க. அழகுலயும் ஓட்டறதுலயும் அதுதான் முதல்னு நான் இப்பவும் சொல்லுவேன். தம்பி வீட்டுக்கு அது சரிப்படாது, அம்மா ஏறணும், அஞ்சு பேர் சாமானோட போகணும். அதனால என் ஆசையை ஓரமா வச்சுட்டு புது அக்கார்டு ஹைபிரிட்னு சொன்னேன். வளைவுல கை சொல்றதைக் கேக்குது, பின் சீட்டு பெருசு, பக்கவாட்டு சுத்தம். ஓட்டறது ஒரு வேலை, போய்ச் சேர்ந்தா போதும்னு நெனைக்கறவங்களுக்கு கேம்ரி போதும், அதுல ஒரு குறையும் இல்ல. சொனாட்டா மூஞ்சி அவ்ளோ பிடிச்சிருந்தா சாதா 2.5 எடுங்க, அதோட கே5-ஐயும் ஒரு தடவை பக்கத்துல நிறுத்திப் பாத்துட்டு எடுங்க.

ஒரே ஒரு விஷயத்துல நான் விட்டுக்குடுக்க மாட்டேன், அது சக்கரம். ஷோரூம்ல 19 இன்ச் வீலோட நிக்கறதைத்தான் காட்டுவாங்க, ஏன்னா அதான் போட்டோவுக்கு நல்லா இருக்கும். அக்கார்டுல 17 இன்ச்னா டயர் 225/50, பக்கச் சுவர் 112 மில்லிமீட்டர் இருக்கும், 19 இன்ச்னா 235/40, வெறும் 94. அந்த ரெண்டு சென்டிமீட்டர் ரப்பர்தான் பள்ளத்துக்கும் அம்மாவோட முதுகுக்கும் நடுவுல இருக்கற மெத்தை, சக்கரம் பெருசானா எடையும் கூடும், ஒவ்வொரு மேடு பள்ளத்துலயும் வண்டி அதைத் தூக்கி இறக்கணும். பாக்க கொஞ்சம் சாதுவா தெரியும், பரவால்ல. தம்பி சனிக்கிழமை மறுபடி ஷோரூம் போறான், 17 இன்ச் வேரியண்டை ஒரு மோசமான ரோட்ல, அம்மாவைப் பின்னாடி உக்கார வச்சு ஓட்டிப் பாக்கச் சொல்லியிருக்கேன். அவன் பொண்டாட்டியும் போறா, கேம்ரி சாவியும் சொனாட்டா சாவியும் அன்னைக்கே வாங்கி அதே ரோட்ல ஓட்டணும்னு அவ கண்டிஷன் போட்டிருக்கா, அதுதான் சரி.